பூட்டைத் திறக்கிற சாமான்

புதுக்கடை, நாலாம் இலக்க மன்று.
சாட்சிக்காரர் சிங்களத்தில் சொல்கிறார்:
கதவு உடைபடவில்லை, யதுர இவளிடம்தான் இருந்தது.
கூண்டில் நிற்பவளுக்கு நான் அதைத் தமிழில் சொல்லவேண்டும்.
"கதவு உடைபடவில்லையாம்" என்றேன்.
பிறகு வாய் திறந்தபடி நின்றேன்.

இருபத்தாறு வருஷம்.
காணி, கொலை, தாபரிப்பு,
செக் திரும்பியது, நாய் கடித்தது,
எல்லாம் என் தொண்டை வழியே போயிருக்கின்றன.
'நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்' என்பதை
நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் மூன்று பாஷையில் சொல்வேன்.
இந்த விரலளவுச் சொல் நிற்கவேண்டிய இடத்தில்
வெள்ளையடித்த சுவர்.

அந்த நேரம் பார்த்து அதுவும் ஏறியது.
நெஞ்சுக்குக் கீழே யாரோ அடுப்பை மூட்டி
கழுத்து, காது, உச்சி.
சேலைக்குள் வேர்வை
முள்ளந்தண்டை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இறங்கியது.
விசிறி மற்றவர்களுக்கு மட்டும் சுற்றியது.

"பூட்டைத் திறக்கிற சாமான்
உங்களிட்டைத்தான் இருந்ததாம்."

சட்டத்தரணி சிரித்தார்.
காத்தாயி சிரிக்கவில்லை.
கறுவாத்தோட்டத்து வீடொன்றில் சமைத்தவள்,
என் வயதுதான் இருக்கும்.
அவள் கை தன்னையறியாமல் முந்தானையை எடுத்து
எனக்காக ஒருதரம் விசிறியது.
"சாவியாங்க, மிஸ்?" என்றாள்.
தனக்கு எதிரான சொல்லைத்
தானே எடுத்து நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன்.
ஆனால் அது அவள் வீட்டுச் சொல். என்னுடையது வேறு.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
செருப்பைக் கழற்றமுன் அம்மா:
"பிள்ளை, அலுமாரித் திறப்பு எங்கை?"

திறப்பு.
நாளுக்கு நாற்பது தரம் கேட்கிறாள்.
அலுமாரிக்குப் பூட்டே இல்லை.
அப்பா செத்தது போய்விட்டது, சுகிர்தா என்ற பெயர் போய்விட்டது,
இது மட்டும் அவளிடம் பத்திரம்.

நாரஹேன்பிட்டியில் என் இலக்கம் முப்பத்தேழு.
டொக்டர் ஃபரீனா மருந்துச் சிட்டையின் பின்பக்கம்
சறுக்கி விழுகிற ஒரு கோடு கீறினார்.
ஈஸ்ட்ரோஜனாம். மூளையும் அதில் பழகியதாம்.
குறைகிற காலத்தில் சொற்கள் தடுமாறும்,
அனேகமாகத் திரும்பி வரும்.
வேர்வைக்கும் நித்திரைக்கும் ஒட்டுப்பட்டை தரலாம்,
மறதியைத் தடுக்கவென்று தரமாட்டேன் என்றார்.
"இது அம்மாவின் வருத்தம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்."
'இல்லை'க்கும் 'இல்லை என்றுதான் நினைக்கிறேன்'க்கும்
நடுவில் உள்ள இடம்,
அங்கேதான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

அம்மாவுக்கு எத்தனை வயதில் நின்றது?
நிற்கவில்லை. எடுத்தார்கள். முப்பத்தொன்பதில்.
கருப்பை மட்டுமா, சூலகங்களும் சேர்த்தா?
சேர்த்து என்றால், அந்த வயதில் என்றால்,
பின்னாளில் இந்த நோய் கொஞ்சம் கூடக் காணப்படுகிறதாம்.
காணப்படுகிறது, அவ்வளவுதான்;
அதுதான் காரணம் என்று அவர் கையெழுத்துப் போடமாட்டார்.
அட்டை இடம்பெயர்வில் தொலைந்தது.
வெட்டிய டொக்டர் உயிரோடில்லை.
மிச்சம் ஒரே ஒரு சாட்சி.

இரவு, சோறு தீத்தும்போது கேட்டேன்.
"அம்மா, அந்த ஒப்பரேஷனிலை என்னத்தை எடுத்தவை?"
கோப்பையைத் தள்ளினாள்.
"நான் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கேல்லை."

பதிந்துகொள்ளுங்கள்.

பதினொரு மாதம் வராமல் இருந்தது.
பன்னிரண்டு நிறைந்தால்தான் தீர்ப்பு.
போன செவ்வாய் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்க
அடிவயிறு பழைய குரலில் கூப்பிட்டது.
ஃபார்மசிப் பெடியன் பக்கெற்றைப் பேப்பரில் சுற்றி
என் முகம் பாராமல் தந்தான்.
கலண்டரில் மறுபடி 'ஒன்று' என்று எழுதினேன்.

காத்தாயிக்கு அடுத்த தவணை பதினாலாம் திகதி.
காலையில் மணிக்கட்டின் உள்பக்கம்
அந்தச் சொல்லை நீலப் பேனையால் எழுதிக்கொண்டு போவேன்.
வேர்த்தால் அழியும் மைதான்.