ஒரு சாண் மிச்சம்

ருஸ்தாவிக் கார்ச் சந்தை.
கடல் தாண்டி வந்த வண்டி,
பூச்சு மட்டும் புதிது.
நுக்ஸார் சீட் பெல்ட்டை இழுத்தான்.
வரவில்லை. விட்டான்,
உள்ளேயும் போகவில்லை.

சிட்டிகை வெடிமருந்து
இமைப்பதற்குள் சுண்டி இழுத்து
அப்படியே உறைந்த பட்டை.
வளையத்தில் உரசிய இடத்தில்
நூல் உருகிப் பளபளக்கிறது.

"எச்சரிக்கை விளக்குதானே?
சின்ன மின்தடை ஒன்று செருகினால்
வாயை மூடிக்கொள்ளும்" என்றான் விற்பவன்.

நுக்ஸார் உட்கார்ந்து
வெளியே நின்ற நீளத்தைக்
கம்பளிச் சட்டைமேல் பொருத்திப் பார்த்தான்.
ஒரு சாண் மிச்சம்.
பருத்த ஆளோ,
பிள்ளைத்தாய்ச்சியோ.
எழுந்து நடந்தார்களா,
பட்டைக்குத் தெரியாது.

கத்தரிக்கோலை எடுத்தான்.
"ஏய், ஏய்" என்பதற்குள்
குறுக்கே வெட்டி
விற்பவன் கையிலேயே வைத்தான்.

"புதுசு மாட்டிவிட்டுக் கூப்பிடு.
விலை அப்புறம்."