பூசாத இரும்பு

வெஸ்டெரோஸில் மார்ச் மாதமும் பனிதான்.
கராஜ் கதவிடுக்கில் உப்புச் சேறு.
சோல்வெய் மடியில் ஸ்டீயரிங் பாக்ஸ்:
பூச்சே இல்லாமல் கம்பெனி அனுப்பிய
அறுபத்தெட்டாம் வருஷத்து வார்ப்பிரும்பு.

சுரண்டித் துடைத்துப் பச்சை இரும்பாக்கி
வியாழக்கிழமை பலகைமேல் வைத்தாள்.
ஞாயிறு பார்த்தால்
டீ சிந்தின மாதிரி துரு.

சரி, இரும்பின்மேல்
இரும்பைத்தான் பூசியாக வேண்டும்.

முதல் டப்பா வெள்ளி.
சாக்லேட் தாள்போல இளித்தது.
அடுத்தது சாம்பல். சிமென்ட், செத்த சிமென்ட்.
இரண்டையும் தின்னர் ஊற்றி அழித்துவிட்டு
மூன்றாவதைக் குலுக்கினாள்,
உள்ளே குண்டு கடகடக்க.
ஒரு முழம் தள்ளி நின்று
அடித்தும் அடிக்காமலும் ஒரு தூறல்.
காய்வதற்குள் மறுபடி ஒன்று.
விளிம்பில் மட்டும் இரும்பு நாரால்
லேசாக, மிக லேசாக, ஒரு தேய்ப்பு.

மிச்சிகனில் என்றோ எவனோ
ஷிஃப்ட் முடிகிற அவசரத்தில்
போகட்டும் என்று விட்டுப்போனதை
அச்சு அசலாகச் செய்ய
மூன்று இரவு பிடித்தது அவளுக்கு.
அந்த அலட்சியம்தான் கைக்கு வரவில்லை.

ஜூனில் கண்காட்சி.
நடுவர் தூர்ஸ்டென் புல்லில் மல்லாந்து
டார்ச் அடித்துப் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
'பூச்சு இல்லை' என்ற கட்டத்தில்
ஒரு டிக் போட்டார்.

எழுந்து முழங்கையைத் தட்டிக்கொண்டே சொன்னார்:
"வெறும் இரும்பு, பாருங்கள்.
கொஞ்சம் எண்ணெய் தடவி வையுங்கள்,
துருப்பிடித்துவிடும்."

"தடவுகிறேன்" என்றாள்
டயரைப் பார்த்துக்கொண்டு.