தைல மரம்

வேதத்தில் இல்லாத கதை.
ஆதாம் படுத்துவிட்டான். வயது தொள்ளாயிரத்து முப்பது.
பிள்ளைகள் கூடி நின்று கேட்கிறார்கள்:
வலி என்றால் என்ன அப்பா?
அதுவரை உலகத்தில் யாரும் நோயில் விழுந்ததில்லை.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழவில்லை.
நாலாம் டிவிஷன் லயத்தில் குழந்தைக்கும் தெரியும்
எந்த இருமலுக்கு ஜீப் வரும்,
எதற்கு வராது.

தோட்டத்து வாசலுக்குப் போ, என்றான் ஆதாம் மகனிடம்.
தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு அழு.
உள்ளே ஒரு மரம் உண்டு,
இரக்கத்தின் தைலம் வடிகிற மரம்.
ஒரு சொட்டு போதும்.

என் அப்பா இன்னாசிமுத்துவும் தோட்டம் என்றுதான் சொல்வார்.
அது ஹட்டனுக்கு மேலே எங்கோ பனிக்குள் இருந்தது.
இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டு
அவரை வெளியே அனுப்பின.
கப்பல், மண்டபம் முகாம், தகரப் பெட்டி,
பிறகு கோத்தகிரி.
நான் எந்தப் பழத்தைத் தின்றேன், என்பார்,
கவ்வாத்து வெட்டினேன், அவ்வளவுதான்.

எனக்கு வேலை தைலக் கொட்டகையில்.
தழையை அண்டாவில் மிதித்து அமுக்கி
விடிய விடியத் தீ.
நூறு கிலோ தழைக்கு
ஒரு கிலோ இறங்கினால் நல்ல நாள்.
என் தலைமயிரில், ரசத்தில், ரூபாய் நோட்டில் அந்த வாசனை.
அப்பாவின் நெஞ்சில் தேய்த்தேன், உள்ளங்காலில் தேய்த்தேன்.
இது இல்லை, என்றார்.

வழியில் ஒரு மிருகம் மகனைக் கடித்தது.
கூடப் போன ஏவாள் கத்தினாள்: உன் வாய் எப்படித் திறந்தது?
மிருகம் சொன்னது:
அன்றைக்கு உன் வாய் திறந்த மாதிரிதான்.
எனக்குப் பிடித்த இடம் இது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இரவில்
எங்களை மறித்த காட்டெருமை ஒன்றும் பேசவில்லை.
மூச்சு புகைய நடுரோட்டில் நின்றது.
டிரைவர் போஜன் விளக்கை அணைத்தான்.
அதற்கு மனசு வர நாற்பது நிமிஷம்.

வாசலில் தேவதூதன் சொன்னான்: இப்போது கிடையாது.
ஐயாயிரத்து ஐந்நூறு வருஷம் கழித்து வா.
அந்தக் குரல் எனக்குப் பழக்கம்.
சாதிச் சான்றிதழ் ஜன்னலிலும்
சிறகு தெரியாது, விரல் மட்டும்.

தைலத்துக்குப் பதில் மூன்று விதை கொடுத்தானாம்,
செத்தவன் நாக்குக்கடியில் வைக்கச் சொல்லி.

தேயிலை விதை பெரிது, வாய் மூடாது.
தைலமர விதையோ தூள், மூச்சு பட்டால் பறக்கும்.
மூன்று என்று எண்ண முடியாமல்
ஒரு சிட்டிகை வைத்தேன்.
சாமியார் பார்த்தார், ஜெபத்தை நிறுத்தவில்லை.

இந்தக் கதையை ஏன் சேர்க்கவில்லை என்று
அவரிடம் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
அதற்கும் காகிதம் சரியில்லாமல் இருந்திருக்கும்.

இப்போது மரங்களில் வெள்ளைச் சாயத்தில் எண் போடுகிறார்கள்.
வெளியிலிருந்து வந்தவையாம், வெட்டி எடுக்க வேண்டுமாம்.
கல்லறை மேட்டுக்கு ஞாயிறுதோறும் போகிறேன்.
இன்னும் எதுவும் முளைக்கவில்லை.
முளைத்தால் யாரிடமும் சொல்லமாட்டேன்.