காலி எடை

புளியரை வளைவுக்கு முன்னால் எங்கள் எடைமேடை.
ஒரு கம்ப்யூட்டர், இரண்டு திரை.
ஒன்று எனக்கு.
இன்னொன்று சுவரை உடைத்துப் பதித்து
கம்பிவலைக்குப் பின்னால்,
லாரியை விட்டு இறங்காமலே டிரைவர் பார்க்க.

அதில் எடை மட்டும்தான் தெரியவேண்டும்.
ஆனால் சாஃப்ட்வேருக்கு ஒரு கோளாறு:
நான் எதைத் திறந்தாலும்
அது வெளியே போய்த் திறந்துகொள்ளும்.
காணோமே காணோமே என்று
மவுஸை மேசையெல்லாம் தேய்த்துக்கொண்டிருப்பேன்.
அந்தப் பக்கம்
ஆரியங்காவுக்குப் போகிற எம்சாண்ட் லாரிக்காரர்
என் நகைக்கடன் வட்டியை
எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருப்பார்.

'சேச்சீ, ஜனல் அடைக்கணே' என்றார் புனலூர் தங்கச்சன்.
சாரல் அடிக்கிறதாக்கும் என்று
எழுந்துபோய் மர ஜன்னலைச் சாத்தினேன்.

கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன்.
ஒரு பையன், ரொம்ப மரியாதை.
'ஏழாம் வெர்ஷன்ல அது அப்படித்தான் மேடம்.
எட்டுல சரிபண்ணிட்டோம்.
ஆறாயிரத்து ஐந்நூறு, ஜிஎஸ்டி தனி.'
ஓட்டைக் குடத்தை விற்றுவிட்டு
அடைக்கிற அரக்குக்கு விலை சொல்லுதீங்களே என்றேன்.
'அரக்கு இல்ல மேடம், அப்கிரேடு.'

முதலாளி குத்தாலிங்கம் கேட்டார்:
'எடை சரியாக் காட்டுதுல்லா?'
காட்டுது.
'பெறவு என்ன?'

எட்டு மாதம்.
எத்தனை பவுன் அடகில் இருக்கிறது என்பது
கழுதுருட்டி வரைக்கும் போய்ச் சேர்ந்தது.
மகளின் கணக்கு மார்க்கும் போனது.
தைராய்டு ரிப்போர்ட்டைத் திறந்த அன்று
பேர் தெரியாத ஒரு டிரைவர்
வலையில் விரலைக் கோத்து நின்று சொன்னார்:
'எங்க வீட்லயும் இதேதான்.
முட்டைக்கோஸைக் குறைச்சுக்கோங்க.'
குறைத்துக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
நான் டிபன் டப்பாவைத் திறந்திருந்தேன்.
முதலாளியே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார்.
அவர் மட்டும் போடுகிற பாஸ்வேர்டு,
அவர் மட்டும் திறக்கிற கட்டம்:
காலி எடையைத் திருத்து.
பதினொன்று எண்ணூறு
பதினொன்று முந்நூறு ஆனது.
எந்தக் குவாரியும் உடைக்காத அரை டன் மணல்
அவர் விரல்நுனியில் பிறந்தது.

காணோமே, என்றார்.
மவுஸைத் தேய்த்தார்.
நான் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி இருந்தேன்.

வெளியே தங்கச்சன் இன்ஜினை அணைத்தார்.
பின்னால் நின்ற வண்டியும் அணைந்தது.
அதற்குப் பின்னால் நின்றதும்.
இந்த அறையிலிருந்து அருவிச் சத்தம் கேட்கும் என்று
நாலு வருஷத்தில் அன்றுதான் தெரியும்.

அரை டன்னுக்கான பணத்தை
எண்ணாமல் கொடுத்தார்.
அடுத்த பத்தாவது நிமிடம்
கோயம்புத்தூருக்கு ஜிபே.
ஜிஎஸ்டிக்குக்கூடப் பேரம் பேசவில்லை.

இப்போது எட்டாம் வெர்ஷன்.
வெளித்திரையில் பச்சையாக ஒரு எண், அவ்வளவுதான்.
என் வட்டி என்னோடு உள்ளேயே இருக்கிறது.
மூன்று பவுனை மீட்டுவிட்டேன்,
யாருக்கும் தெரியாது.
தங்கச்சன் அந்த எண்ணைப் பார்க்கிறார்,
வலைக்குள் என் முகத்தைப் பார்க்கிறார்,
சீட்டை வாங்கி
இரண்டு முறை மடித்து வைத்துக்கொள்கிறார்.
ஜன்னல் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

செட்டிங்ஸில், கீழே, சின்ன எழுத்தில்
இரண்டு திரையிலும் காட்டு என்று ஒரு கட்டம் இருக்கிறது.
அதுவும் அந்தக் காசில் அடக்கம்.
முதலாளி தென்காசிக்குப் போயிருந்த மதியம்
ஒருதரம் டிக் போட்டுப் பார்த்தேன்.

நன்றாக வேலை செய்கிறது.