நாள்காட்டி தொங்கும் இடம்

கதவைச் சாத்திக்கொண்டு நீ சிரித்தது
குசினி வரைக்கும் கேட்டது, நகுலா.
"கக்கூசுக்குள்ள ஆரும் கலண்டர் கொழுவுவினமோ?"
கொழுவுவினம்.
ஒல்லாந்தில் நான் போன வீடெல்லாம் அங்கேதான்.
சும்மா இருக்கிற நேரத்தில்தானே ஞாபகம் வரும்
நாளைக்கு ஆருக்குப் பிறந்தநாள் என்று.
அதில் கிழமை இல்லை, வருடமும் இல்லை.
ஒருக்கால் எழுதினால் சாகும்வரைக்கும் காணும்.

கக்கூசு என்ற சொல்லே அவர்களுடையது, தெரியுமோ?
கந்தோரும் போஞ்சியும்கூட.
கோட்டையைக் கட்டினவர்கள் போகிற அவதியில்
எங்கள் வாய்க்குள் மறந்து விட்டுப்போன சாமான்கள்.
திருப்பிக் கொடுக்கப் போனவள்போல
டெவென்டரில் பதினாலு வருடம் இருந்தேன்.

ஊர் தட்டை. தோசைக்கல் மாதிரி.
ஐசல் ஆற்றங்கரையில் நின்றால்
பின்னேரம் வரப்போகிற மழையைக் காலமையே பார்க்கலாம்.
விடியப்புறத்தில் புகாருக்குள்
கால் இல்லாத மாடுகள் மேயும்.
மலைக்குக் கூட்டிப்போகிறேன் என்றாள் வில்லெமைன்.
ஏறினோம். மூச்சு வாங்க முதலே முடிந்துவிட்டது.
அதற்கும் உச்சியில் ஒரு வாங்கு போட்டிருந்தார்கள்,
களைப்பாற.

சைக்கிளில் போனால் எதிர்காற்று.
திரும்பி வந்தாலும் எதிர்காற்று.
அது எப்படி என்று இன்னும் விளங்கவில்லை.

முதன்முதல் அவள் வீட்டுக்குப் போனபோது
பிஸ்கற் பேணியைத் திறந்து நீட்டினாள்.
ஒன்று எடுத்தேன்.
டக்கென்று மூடினாள்.
அந்தச் சத்தம் கனகாலம் என் காதில் கிடந்தது.
கோப்பையைக் கையால் மறைக்க மறைக்க
விரலிடுக்கால் கறி விடுகிற ஆட்கள் அல்லவா நாங்கள்.
பிறகு, மூத்தவள் பிறந்த மாசியில்
பஸ்சும் ஓடாத பனிக்குள்
ஆறு கிலோமீற்றர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள்.
கூடைக்குள் ரஸ்க், வெண்ணெய்,
சீனி பூசின சோம்பு, ரோசாவும் வெள்ளையுமாய்.
பிள்ளை பிறந்த வீட்டில் அதைத்தான் தின்பார்களாம்.
அதற்குப் பெயர் சுண்டெலி.
கடித்தால் உருண்டு சட்டைக்குள் ஓடும், பெயர் சரிதான்.
எனக்கு ஒன்று, உன் அண்ணாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று.
அன்றைக்கும் எண்ணித்தான் வைத்தாள்.

கிழங்கையும் கீரையையும் சேர்த்து மசித்து
நடுவில் குழி தோண்டி இறைச்சிச் சாறு விடுவார்கள்.
வரம்பு உடையாமல் ஓரத்திலிருந்து தின்ன வேணும்.
கோப்பைக்குள்ளும் அணை கட்டுகிற சனம்.
ஹெரிங் மீனைப் பச்சையாய், வெங்காயத்தில் புரட்டி,
வாலில் பிடித்து அண்ணாந்து விழுங்க வேணும்.
முதலாவதுக்கு உன் அண்ணா கண்ணை மூடி முருகா என்றார்.
இரண்டாவதுக்குக் கண் திறந்திருந்தது.
மூன்றாவதை நான் பறித்தேன்.
போன கிழமை நீ துப்பினாயே கறுப்பாய் ஒன்று,
அது உப்புப் போட்ட அதிமதுரம்.
இன்னும் அரைப் பை இருக்கு. உனக்குத் தரமாட்டேன்.

பிள்ளைகள் இங்கிலீசில் படிக்கட்டும் என்றார்கள்.
மெல்ற்றன் ரோட்டில் கடையொன்று விலைக்கு வருகுது என்றார்கள்.
என்னை ஆரும் கேட்கவில்லை.
லெஸ்டருக்கு வந்த முதல் கிழமை
அங்கத்தைப் பழக்கத்தில் திரை போடாமல் விட்டிருந்தேன்;
விளக்குப் போட்டுச் சாப்பிடுகிறதைத் தெரு பார்த்தால் என்ன?
முன்வீட்டு மனிசன் ஏணியோடு வந்து நின்றார்,
பாவம், திரை கழன்று விழுந்துவிட்டதாக்கும் என்று.
அன்றைக்குத்தான் அழுதேன், திரையை வாங்கிக்கொண்டு வந்து.

நாளைக்குச் சின்னவனுக்குப் பிறந்தநாள்.
கதிரைகளை வட்டமாய்ப் போடுவேன், நீயும் வந்து இரு.
ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துச் சொல்ல வேணும்,
மகனுக்குப் பிறந்தநாள், வாழ்த்துகள்,
தம்பிக்குப் பிறந்தநாள், வாழ்த்துகள்,
மருமகனுக்குப் பிறந்தநாள், வாழ்த்துகள் நகுலா.
எனக்கேன் என்று கேளாதே.
ஒருவன் பிறந்தால் ஒருவனோடே முடிகிற காரியமா அது?
கேக் ஆளுக்கு ஒரு துண்டுதான்.

உன்னுடைய தேதி எனக்குத் தெரியாது.
இத்தனை வருடத்தில் கேட்கவும் இல்லை.
கலண்டருக்குப் பக்கத்தில் நூலில் பேனை தொங்குது.
போய் எழுது,
கையைக் கழுவிப்போட்டு.