இடப்பக்கக் கண்ணாடி

நெடுங்கேணியில், காட்டோரம்
இரவு நிற்கும் எங்கள் பஸ்.
ஆறரைக்கு முதல் ட்ரிப், வவுனியா.

அதற்கு முன்பே வந்துவிடும் அது,
பாலை மரத்திலிருந்து நேராக
இடப்பக்கக் கண்ணாடிக்கு.
ஒரு தேன்சிட்டு. தீப்பெட்டியளவு.
உள்ளே இருப்பவன் தன் காட்டைப் பறிக்க வந்தவனென்று
கொத்தும், வழுக்கும், கத்தும்,
திரும்பவும் கொத்தும்.
எச்சம் துடைப்பது என் வேலை,
கொண்டக்டர் சம்பளத்தில் அதுவும் அடக்கம்.

ட்றைவர் சகாயநாதன் ஒருநாள்
சொப்பிங் பையால் கண்ணாடியை மூடிக் கட்டினார்.

மறுநாள் குருவி
பையை இரண்டு தரம் சுற்றியது.
கம்பியில் இருந்து
நெஞ்சு புடைக்கப் பாடியது,
வென்றவன் பாட்டு,
பஸ் ஸ்டார்ட் ஆகும்வரை.

மூன்றாம் நாள் பாடவில்லை.
பை முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தது.
நாலாம் நாளும்.

அவர் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய்
முடிச்சை அவிழ்த்தார்.
எட்டு நிமிடம் பிந்தித்தான் வெளிக்கிட்டோம்.

புளியங்குளத்தில் ஏறிய அக்கா கேட்டா,
'ஏன் தம்பி லேட்?'

'சண்டை' என்றேன்.

கைப்பையை
இறுக்கிப் பிடித்தா.

'குருவிச் சண்டையக்கா,
குருவி'
என்றேன் அவசரமாக,
மிச்சக் காசைத் தேடியபடி.