ஒன்பதாம் பக்கத்து ஈட்டிக்காரன்

பக்கத்துக்கு இரண்டு டாலர்.
படம் என்னுடையதல்ல, கதையும் அல்ல;
பலூனுக்குள் இருக்கும் எழுத்து மட்டும் என் கை.
வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் ஆச்சரியக்குறி.
புள்ளி வைத்தால் மலிவுத்தாளில் காணாமல் போகும்
என்பார் எடிட்டர் பிங்க்னி.
ஆகவே எங்கள் காட்டில்
'சரி' என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்வார்கள்.

காடு மன்ஹாட்டனில் ஏழாவது மாடியில் இருந்தது.
லிஃப்ட் பழுது.
பல் டாக்டர் அறையில் பார்த்த ஒரு பெரணித் தொட்டியிலிருந்து
காங்கோ முழுவதையும் வரைந்தான் ஹோல்கம்.
விரல் வரைய நேரமாகும், இலைக்கு ஆகாது;
யார் கையை நீட்டினாலும்
குறுக்கே ஒரு இலை வந்துவிடும்.
ஆப்பிரிக்காவில் புலி கிடையாது என்று ஒருநாள் சொன்னேன்.
"ஒஹாயோவிலும் கிடையாது.
அங்கே நாற்பதாயிரம் பிரதி போகிறது" என்றார் பிங்க்னி.

சிறுத்தைத்தோல் உடுத்திய பொன்முடிக்காரி வயோராவுக்கு
இலக்கணம் பிசகாத ஆங்கிலம்.
அவள் குரங்குக்குக்கூடப் பெயர் உண்டு.
ஈட்டிக்காரர்களுக்கு மட்டும்
ஸ்கிரிப்ட்டில் பென்சிலால் ஒரு குறிப்பு:
ஏதாவது உளறல். நாலு சொல் போதும்.

உளறலை யோசிக்கவும் நேரமாகும்.
ஒரு வியாழக்கிழமை, இரவு பதினொன்றுக்கு,
ஒன்பதாம் பக்கத்து ஈட்டிக்காரன் வாயில்
என் லித்துவேனியத்தைப் போட்டேன்.
குர் மானோ பாத்தாய்!
என் பூட்ஸ் எங்கே!
வெறுங்காலோடுதான் நின்றான். பொருந்தியது.

அடுத்த இதழில் தலைவன் கையை உயர்த்தி
போர்முரசுக்கு நடுவே
பல் வலிக்கிறது என்றான்.
பலியிடும் பூசாரி கதவைச் சாத்தச் சொன்னான்,
குளிர்காற்று வருகிறதாம்.
"பயங்கரம்" என்று மெச்சினார் பிங்க்னி.
புரூக்ளின் அறையில் தனியாகச் சிரித்தேன்.
கப்பலிறங்கி மூன்று வருடம்.
ஊரிலிருந்து கடிதம் நின்றது அதற்கும் முன்னால்.

மார்ச்சில் பென்சில்வேனியாவிலிருந்து ஒரு உறை,
'எழுத்துக்காரருக்கு' என்று விலாசமிட்டு.
ஓரத்தில் கரித்தூள் படிந்த கட்டைவிரல் ரேகை.
சுரங்கத்துக்காரர் ரபோலாஸ் கிர்த்வைனிஸ்
மகனின் புத்தகத்தை அடுப்பில் போடப் போனவராம்.

"ஐயா, உங்கள் நரமாமிசத் தலைவன்
எங்கள் பக்கத்து இழுவையில் பல்வலி சொல்கிறான்.
அவனுக்கு எந்த ஊர்?
குர்ஷெனாய்ப் பக்கமென்றால்
என் தங்கை ஸ்டெஃபானியாவைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள்.
நாற்பத்தொன்று ஜூனில் லாரியில் ஏற்றினார்கள்."

எழுத்தே தொழிலாக இருந்தும்
பதில் கடிதம் எழுத வரவில்லை.
ஜூலை இதழில்
முதலைகளுக்கு மேலே தலைகீழாகத் தொங்கியவன்
ஸ்டெஃபானியா எங்கே என்று கேட்டான்,
நாற்பதாயிரம் பிரதியில்,
கேள்விக்குறிக்குப் பதில் ஆச்சரியக்குறியோடு.

சிகாகோ கசாப்புக்கூடத்திலிருந்து ஒருவர் எழுதினார்.
கிளீவ்லாந்திலிருந்து ஒரு தையற்காரி.
எல்லோரிடமும் ஒரு பெயர் இருந்தது,
அவள் பெயர் யாரிடமும் இல்லை.
வந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் புதருக்குள் அனுப்பினேன்.
பெயரைச் சொன்னவனை அடுத்த கட்டத்தில்
வயோரா உதைத்துத் தள்ளுவாள்.
ஸ்கிரிப்ட் அப்படி.

ஐம்பத்து நான்கில் கடையைக் கட்டினார்கள்.
ஏதோ ஊரில் பள்ளிப்பிள்ளைகளை நிற்க வைத்து
எங்கள் காட்டைக் கொளுத்தினார்களாம்;
ஈரக்காடு, ஆனாலும் நன்றாக எரிந்ததாம்.

கடைசி இதழ், கடைசிப் பக்கம்.
அன்று ஹோல்கமுக்கு அவசரமில்லை.
இலை இல்லாமல், ஐந்து விரலும் தெரிய,
ஒரு ஈட்டிக்காரனை வரைந்திருந்தான்;
முதல்முறையாக அவனுக்கு ஒரு முகம்.
வாய் திறந்திருந்தது.
பேனாவை மையில் தோய்த்தேன்.

அவனுக்கும் பல் வலித்திருக்கும்.
லாரியில் ஏற்றப்பட்ட தங்கைகூட இருந்திருக்கலாம்.
அதைச் சொல்ல ஒரு மொழியும் இருந்திருக்கும்.
மூன்று வருடமாக அந்த வாயில்
என் பூட்ஸைத் திணித்து வைத்திருந்தேன்.

"பலூன் காலியாக இருக்கிறதே,
என்ன சொல்கிறான்?" என்றார் பிங்க்னி.
தெரியாது என்றேன்.
அவரே பேனாவை வாங்கி
கோணல் எழுத்தில் நிரப்பினார்:
டம் டம் டம்!